கோப்பை வாங்காத ரோபோ குழு: சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

பேராக் மாநிலம் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளி. அங்குள்ள ரோபோட்டிக்ஸ் குழு இதுவரை தேசிய அளவில் ஒரு பரிசும் வாங்கியதில்லை. மாநில அளவில் ஒருமுறை ஆறுதல் பரிசு கிடைத்தது, அவ்வளவுதான். பரிசுப் பட்டியலை வைத்துப் பார்த்தால் எழுதுவதற்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பள்ளியை முடித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போன பிள்ளைகள் சனிக்கிழமை காலையில் அங்கே திரும்பி வருகிறார்கள். யாரும் கட்டாயப்படுத்துவதில்லை, புறப்பாடப் புள்ளியும் கிடையாது. இந்த ஒன்றுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஆசிரியர் இல்லை. ஈப்போவில் மின்னணுச் சாமான் பழுது பார்க்கிறவன். அறுந்த கம்பியைப் பற்ற வைக்கக் கூப்பிட்டார்கள், அப்படியே ஒட்டிக்கொண்டேன். சின்னப் பள்ளி என்பதால் ஒரு அடையாளம் சொன்னாலே ஆள் தெரிந்துவிடும். ஆகவே பெயர்களை விட்டுவிடுகிறேன்.

ஊரும் பள்ளியும்

சுங்கை சிப்புட்டை வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். 1948 ஜூன் 16-ஆம் தேதி எல்பில் தோட்டத்திலும் அதன் அருகிலும் ஐரோப்பியத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்துதான் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. மலேசிய அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊரும் இதுதான். அன்று சுற்றிலும் பால்மரம். இன்று பெரும்பகுதி செம்பனை. லயத்தில் இருந்த குடும்பங்கள் பட்டணத்துத் தாமான்களுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிகளுக்கு, குடிபோய்விட்டன, பள்ளிக்கூடம் மட்டும் தோட்டத்திலேயே நிற்கிறது. பிள்ளைகள் வேனில் வந்து போகிறார்கள்.

நாடு முழுவதும் இதே கதைதான். 1957-இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 520க்குச் சற்று மேல். அவற்றில் கணிசமானவை குறைந்த மாணவர் கொண்ட பள்ளிகள். 150 பேருக்கு மேல் போகாத பள்ளியை அமைச்சு அப்படி வகைப்படுத்துகிறது. நான் சொல்லும் பள்ளி அந்த எல்லைக்கு வெகு கீழே. சில ஆண்டுகளில் ஒரு வகுப்புக்கு ஏழெட்டுப் பேர் இருந்தாலே அதிகம்.

இந்தக் குறைதான் பின்னால் குழுவுக்குக் கைகொடுத்தது. பெரிய பள்ளியில் ரோபோட்டிக்ஸ் குழு என்றால் தேர்வு வைத்து, கணிதத்தில் கெட்டிக்காரர்களைப் பொறுக்கி எடுப்பார்கள். இங்கே பொறுக்குவதற்கு ஆளில்லை. நான்காம் ஆண்டுக்கு மேல் யார் வந்தாலும் சேர்த்துக்கொண்டார்கள். வாய்ப்பாடு தடுமாறுகிற பையனும் வந்தான், வகுப்பில் வாயே திறக்காத பெண்ணும் வந்தாள்.

பெட்டி வந்த வழி

ஆறாம் ஆண்டில் எழுதும் யுபிஎஸ்ஆர் தேர்வு 2021-இல் ஒழிக்கப்பட்டது. அதுவரை ஐந்தாம் ஆண்டு முடிந்ததுமே பயிற்சித்தாள் மழை தொடங்கிவிடும். வேறு எதற்கும் நேரம் இருக்காது. தேர்வு போனதும், அறிவியல் ஆசிரியை ஒருவர் சனிக்கிழமைகளைக் கேட்டு வாங்கினார். தலைமையாசிரியர் சாவியைக் கொடுத்தார்.

கருவிப் பெட்டிதான் பிரச்சினை. புதிய லெகோ ரோபோப் பெட்டி ஒன்றின் விலை, 2022-இல் அறிவிக்கப்பட்ட 1,500 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டியும் அதற்கு மேலும் வந்தது. அப்பா செம்பனை வெட்டுபவர், அம்மா கையுறைத் தொழிற்சாலை என்ற வீட்டில் போய் இதைப் பற்றிப் பேச முடியாது. அப்புறம் ஒரு வழி பிறந்தது. 2013-இல் வெளிவந்த மைண்ட்ஸ்டார்ம்ஸ் இவி3 என்ற ரோபோப் பெட்டியை 2021-இல் லெகோ நிறுத்திவிட்டது. தனியார் மையங்கள் பழைய பெட்டிகளைக் கழித்துவிட்டுப் புதியதுக்கு மாறிக்கொண்டிருந்தன. ஈப்போவில் அப்படிக் கழிக்கப்பட்ட இரண்டு பெட்டிகளைப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் சிற்றுண்டி விற்றுச் சேர்த்த காசில் வாங்கியது. ஒன்றில் மோட்டார் ஒன்று முனகும். இன்னொன்றில் சார்ஜ் நிற்காது. முனகலைச் சரிசெய்யப் போனவன்தான் நான்.

கோட்டின் ஓரம்

ரோபோட்டிக்ஸ் என்றதும் கை கால் உள்ள பொம்மையை எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்து போவார்கள். இரண்டு சக்கரம், ஒரு நிறமறி கருவி, மேசை விரிப்பில் ஒரு கறுப்புக் கோடு. கோட்டைப் பிடித்துக்கொண்டு வண்டி தானாகப் போக வேண்டும்.

ரோபோவுக்குக் கோடு தெரியாது. கீழே எவ்வளவு வெளிச்சம் திரும்புகிறது என்று ஓர் எண்தான் அதற்குத் தெரியும். பள்ளி மண்டபத்தில் வெள்ளையில் வைத்தால் 70-ஐ ஒட்டி வரும், கறுப்பில் 8-ஐ ஒட்டி. கோட்டின் நடுவில் விட்டால், அது விலகி வெள்ளைக்கு வந்ததும் எந்தப் பக்கம் விலகினோம் என்று அதற்குத் தெரியாமல் போகும். இந்தச் சிக்கலை அவிழ்த்தது அந்த வாய் திறக்காத பெண். ஐந்தாம் ஆண்டு. ஒரு சனிக்கிழமை பூராவும் வண்டி சுற்றிச் சுற்றி விழுந்ததைப் பார்த்துவிட்டு, “டீச்சர், கோட்டப் பிடிச்சுப் போகச் சொல்லாதீங்க. ஓரத்தப் பிடிச்சுப் போகச் சொல்லுங்க. வெள்ளையா தெரிஞ்சா உள்ள வா, கறுப்பா தெரிஞ்சா வெளிய போ” என்றாள். இரண்டு எண்ணுக்கும் நடு 39. அந்த 39-ஐ விடாமல் பிடித்தால் வண்டி ஓரத்திலேயே போகும். பொறியியல் கல்லூரியில் இதையே கட்டுப்பாட்டுக் கோட்பாடு என்ற பெயரில் நடத்துவார்கள்.

அதே 39 ஒரு மாநிலப் போட்டியில் காலை வாரிவிட்டது. அந்த மண்டபத்தில் உச்சி விளக்குகள் பளீரென்று எரிந்தன, பார்க்க வந்தவர்களின் நிழல் மேசை மேல் விழுந்தது. எண்கள் எல்லாம் மாறிப்போயின. வண்டி இரண்டாவது வளைவிலேயே விரிப்பை விட்டு இறங்கிவிட்டது. அழுகையோடு திரும்பினார்கள். அடுத்த வாரமே கருவியைச் சுற்றிக் கறுப்பு அட்டையால் ஒரு பாவாடை கட்டியாயிற்று. ஓடுவதற்கு முன் வெள்ளையையும் கறுப்பையும் தானே அளந்து நடு எண்ணைக் கணக்கிட்டுக்கொள்ளும்படி நிரலையும் மாற்றிவிட்டார்கள். இதை யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

சக்கரக் கதையும் சொல்ல வேண்டும். முதலில் “மூன்று விநாடி ஓடு” என்று கட்டளை கொடுத்தார்கள். காலையில் சரியாகப் போய் நின்ற வண்டி மத்தியானம் ஒரு சாண் முன்னாலேயே நின்றது. பேட்டரி இறங்க இறங்க வேகமும் இறங்குகிறது என்று பிடிபட இரண்டு சனிக்கிழமை ஆயிற்று. விநாடியை விட்டுச் சுற்றை எண்ணலாம் என்று முடிவாயிற்று. ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம்? சக்கரத்தைச் சுற்றி நூலைக் கட்டி, பிரித்து, அடிக்கோலில் வைத்தார்கள்: பதினேழரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூட. சக்கரத்தின் விட்டம் 5.6 சென்டிமீட்டர். வட்டத்தின் சுற்றளவு இடைநிலைப்பள்ளிப் படிவம் இரண்டில்தான் பாடத்தில் வருகிறது. பெரிய சக்கரத்துக்கும் சின்னச் சக்கரத்துக்கும் நூலை விட்டத்தால் வகுத்துப் பார்த்து, “ரெண்டுக்கும் மூணு சொச்சம் வருது சார், எங்கேயோ தப்பு” என்று ஒரு பையன் என்னிடம் வந்து நின்றான். தப்பில்லை என்று மட்டும் சொன்னேன். மீதி படிவம் இரண்டில் வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

படிவம் ஒன்றில் அறுந்த நூல்

முதல் அணி ஆறாம் ஆண்டை முடித்துக் கிளம்பியது. அப்போதுதான் உண்மையான சிக்கல் தெரிந்தது.

தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் இடைநிலைப்பள்ளியில் நாலா பக்கமும் சிதறுகிறார்கள். மலாய் மொழியில் பின்தங்கியவர்கள் ஓராண்டு புகுமுக வகுப்பில் உட்கார வேண்டும். பெரிய பள்ளியில் ரோபோட்டிக்ஸ் கழகம் இருந்தாலும் இருக்கும் இரண்டு மூன்று இடத்துக்கு முப்பது பேர் நிற்பார்கள். குழுவிலேயே கட்டுமானத்தில் கைதேர்ந்த பையன், எதையும் பார்த்தவுடன் பிரித்துப் பூட்டக்கூடியவன், படிவம் ஒன்றின் பாதியிலேயே எல்லாவற்றையும் விட்டுவிட்டான். வார இறுதியில் கார் கழுவும் கடையில் வேலை. வீட்டுக்குக் காசு தேவைப்பட்டது. அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இளையோரை அறிவியலுக்கு இழுக்கிறோம் என்று பேசுகிறவர்கள் இந்த இடத்தைப் பெரும்பாலும் பார்ப்பதில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை மேடையில் பதக்கம் வாங்கும் படம் நாளிதழில் வரும். பதின்மூன்று வயதில் அதே பிள்ளை எங்கே போயிற்று என்று கேட்க ஆளிருக்காது.

ஆசிரியை செய்தது சாதாரணக் காரியம். பழைய பிள்ளைகளுக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) ஒரு செய்தி: “சனிக்கிழமை மேசை தூக்க ஆளில்லை, வருகிறீர்களா?” மூன்று பேர் வந்தார்கள். மேசையைத் தூக்கி வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்கள். சின்னப் பிள்ளைகள் தடுமாறுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க முடியுமா? வாயும் கையும் உள்ளே நுழைந்தன. அங்கேதான் ஆசிரியை ஒரு விதி போட்டார்: வந்தவர்கள் வாயால் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், கை மட்டும் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். ரோபோவைத் தொடக் கூடாது, விசைப்பலகையையும் தொடக் கூடாது.

இந்த விதி எவ்வளவு வேலை செய்தது என்பதற்கு நான் கண்ட ஒன்று. நான்காம் ஆண்டுப் பையனின் வண்டி நேராகப் போகாமல் இடது பக்கமே இழுத்தது.

“அக்கா, நேராப் போன்னுதான் போட்டிருக்கேன். வளைஞ்சு வளைஞ்சு போகுது.”

படிவம் இரண்டு அக்காவுக்குக் கை துறுதுறுத்தது. பின்னால் கட்டிக்கொண்டாள். “வண்டியத் தூக்கிப் பிடி தம்பி. சக்கரத்த சும்மா சுத்திவிடு. ரெண்டும் ஒரே நேரத்துல நிக்குதா பாரு.”

வலது சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது, இடது சட்டென்று நின்றது. பையன் அச்சைத் துழாவினான். பூட்டு வளையத்தை இறுக்கி அழுத்தியிருந்ததால் அது சட்டத்தில் உரசிக்கொண்டிருந்தது. நகத்தால் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தான். வண்டி நேராகப் போயிற்று. இரண்டு பேரில் யார் முகம் அதிகம் மலர்ந்தது என்று கேட்டால் அக்காவுடையது என்பேன். அவள்தான் முன்பு கோட்டின் ஓரத்தைக் கண்டுபிடித்த பெண்.

தனக்குத் தெரிந்ததைச் சொல்லிக் கொடுக்கும்போது ஒருவருக்கு அது தன் சொத்தாகிவிடுகிறது. திரும்பி வந்தவர்கள் தாங்கள் படிக்கும் பள்ளியில் கழகத்தில் இடம் கிடைக்காதவர்கள். இங்கே அவர்கள் இல்லாமல் வேலை நடக்காது. சின்னவர்களுக்கோ, தங்கள் லயத்திலும் தங்கள் தாமானிலும் வளர்ந்த ஒருவர் கண்முன்னே நிற்கிறார். காணொளியில் வரும் விஞ்ஞானியிடம் யாரும் “அக்கா” என்று கூப்பிட்டு உரசுகிற சக்கரத்தைப் பற்றிக் கேட்க முடியாது.

உதிரிப்பழம்

ரோபோட்டிக்ஸ் போட்டிகள் பல வகை. உலக ரோபோ ஒலிம்பியாட் 2004-இல் சிங்கப்பூரில் தொடங்கியது. 2012 இறுதிச்சுற்று கோலாலம்பூரில் நடந்தது. குழுவுக்கு இரண்டு மூன்று பேர்தான். விரிப்பின் மேல் வேலையை முடிப்பதில் முழுக் கவனம் இருக்கும். அன்று காலையில் ஒரு திடீர் விதியும் வந்து விழும். இன்னொன்று, டீன் கேமன் 1989-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஃபர்ஸ்ட் அமைப்பு லெகோவோடு சேர்ந்து நடத்தும் லீக். அதில் பத்துப் பேர் வரை இருக்கலாம். இரண்டரை நிமிட ரோபோ ஆட்டம் மதிப்பீட்டில் நாலில் ஒரு பங்கு மட்டுமே. ரோபோ வடிவமைப்பு, நிஜப் பிரச்சினை ஒன்றுக்குத் தீர்வு தேடும் புத்தாக்கத் திட்டம், குழுவாக நடந்துகொள்ளும் முறை ஆகியவை மற்றவை. இருக்கும் பிள்ளைகளில் யாரையும் வெளியே நிறுத்த முடியாத சின்னப் பள்ளிக்கு இரண்டாவது முறைதான் பொருந்தும் என்பது என் எண்ணம். செலவு கூடுதல் என்பதால் இந்தக் குழு அதில் இறங்கவில்லை. ஆனால் நிஜப் பிரச்சினை தேடும் பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஓர் அறிவியல் விழாவுக்குத் தயாரானார்கள்.

பிரச்சினையைக் கொண்டுவந்தது அதே அக்கா. அவளுடைய பாட்டி தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்குகிறவர்.

செம்பனைக் குலை பழுத்துவிட்டது என்பதற்கு அடையாளமே கீழே விழும் உதிரிகள்தான். பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு சுற்று வெட்டு நடக்கும். குலை விழும்போது பழங்கள் தெறித்து வட்டப் பாத்தியிலும் புல்லுக்குள்ளும் போய் ஒளிந்துகொள்ளும். நன்றாகப் பழுத்தது என்பதால் எண்ணெய்ச் சத்து அதிகம் இருப்பதும் இவற்றில்தான். விட்டுவிட்டால் காசு போகிறது, தாமதித்தால் கொழுப்பு அமிலம் ஏறித் தரம் கெடுகிறது. இதைக் குனிந்து குனிந்து கையால் பொறுக்குவது பெரும்பாலும் பெண்கள். மட்டை முள் வேறு குத்தும்.

பிள்ளைகள் ஆசையாக ஒரு ரோபோ செய்தார்கள். முன்னால் சுழலும் துடைப்பம், நிறமறி கருவி, ஆரஞ்சுச் சிவப்பைக் கண்டால் வாரிப் பின்னால் தள்ளும். மண்டபத் தரையில் பிரமாதமாக ஓடியது. பாட்டியிடம் காட்டத் தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். முதல் மட்டையிலேயே சக்கரம் சிக்கிக்கொண்டது. தூக்கி வேறிடத்தில் வைத்தால் சருகையும் சேர்த்து வாரியது. காய்ந்த சருகும் கருவிக்குச் சிவப்பாகத்தான் தெரிந்தது. பாட்டி கூடையை இறக்கி வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார்.

“என்னாய்யா இது, புல்லையும் மண்ணையும் சேத்துல்ல வாருது. இப்படிக் கொண்டு போயி பிளாட்பாரத்துல கொட்டுனா மண்டோரு ஏச மாட்டாரா? எனக்கு வாருறது கஷ்டமில்ல. குனியறதுதான் கஷ்டம். இடுப்பு போச்சு.”

திரும்பி வரும்போது வேனில் ஒருவரும் பேசவில்லை. அடுத்த சனிக்கிழமை படிவம் மூன்று பையன் ஒருவன் வெண்பலகையில் எழுதினான்: ‘குனியக் கூடாது. புல் வரக் கூடாது.’ இந்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு யோசித்தார்கள். பழங்களை அளந்தார்கள், குறுக்களவு 2 சென்டிமீட்டரை ஒட்டி இருந்தது. பழைய மேசை விசிறியின் கம்பிக் கூண்டைப் பிரித்து, அதைவிடக் கொஞ்சம் நெருக்கமான இடைவெளியில் கம்பிகளை உருளையாக வளைத்தார்கள். தரையில் உருட்டினால் அழுத்தத்தில் கம்பி விலகும், பழம் உள்ளே போகும், கம்பி மூடிக்கொள்ளும். புல் வளையும், ஆனால் உள்ளே வராது. துடைப்பக் கட்டை ஒன்று கைப்பிடி ஆயிற்று. உலகத்தில் கொட்டை பொறுக்க இதுபோன்ற கருவி ஏற்கெனவே உண்டு. உதிரிப்பழத்தை உறிஞ்சி எடுக்கும் இயந்திரங்களும் செம்பனை ஆராய்ச்சியாளர்கள் செய்து பார்த்தவைதான். பிள்ளைகளுக்கு அதெல்லாம் பிறகுதான் தெரிந்தது.

மோட்டார் இல்லை, நிறமறி கருவி இல்லை, நிரல் இல்லை. அறிவியல் விழா நடுவர் சுற்றிலும் பார்த்துவிட்டு “ரோபோ எங்கே?” என்று கேட்டார். ரோபோ ஏன் வேண்டாம் என்று முடிவெடுத்தோம் என்பதை ஆறாம் ஆண்டுப் பையன் மலாயில் விளக்கினான். முதல் ரோபோ மட்டையில் சிக்கிய படத்தையும் காட்டினான். புள்ளி கிடைக்கவில்லை. எனக்கு இதில் இன்றும் ஆதங்கம் உண்டு. அந்தக் குழு செய்தவற்றிலேயே உருப்படியான அறிவியல் அதுதான். செய்து பார்த்தார்கள், பயன்படுத்துகிறவரிடம் காட்டினார்கள், அவர் சொன்னதைக் கேட்டுத் தங்கள் ஆசைப் பொருளையே கழற்றி வைத்தார்கள். இதற்கு மதிப்பெண் போடத் தெரியாத போட்டி எதை அளக்கிறது?

பாட்டி அந்த உருளையைக் கொஞ்ச நாள் பயன்படுத்தினார். நனைந்த மண்ணில் கம்பிக்குள் களிமண் அடைத்துக்கொள்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அது இப்போது பள்ளி அலமாரியில், அடுத்த அணியின் வேலையாக இருக்கிறது.

என்னதான் மாறியது

ஃபர்ஸ்ட் நிகழ்ச்சிகளில் சேர்ந்த மாணவர்களை அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழகம் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆய்ந்திருக்கிறது. சேராதவர்களோடு ஒப்பிட்டால் அறிவியல், தொழில்நுட்பத்தில் ஆர்வம் கூடுகிறது, பெண்களிடம் இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது என்பது அதன் முடிவு. இருக்கலாம். ஆனால் அங்கே குழுவில் சேரும் பிள்ளைக்குப் பின்னால் வண்டியோட்டிக் கொண்டுவிட ஒரு பெற்றோர் இருப்பார். இங்கே வேன்காரர் சனிக்கிழமை வராவிட்டால் பாதிக் குழு வீட்டில் இருக்கும்.

இந்தப் பள்ளியில் இருப்பது கைவிரலில் எண்ணக்கூடிய பிள்ளைகள். இவர்களை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. கண்ணில் பட்டதை மட்டும் சொல்கிறேன். போட்டிக்குப் போய்வந்து அதோடு நின்றவர்களில் பெரும்பாலோருக்கு அது ஒரு இனிய நினைவு, வேறொன்றுமில்லை. சனிக்கிழமைகளில் திரும்பி வந்தவர்களில் இரண்டு பேர் படிவம் நான்கில் அறிவியல் பாடத்தொகுப்பை எடுத்தார்கள், அதில் ஒருத்தி பாட்டியின் பேத்தி. ஒருவன் ஈப்போ உங்கு ஓமார் போலிடெக்னிக்கில் மின்னியல் படிக்க வேண்டும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறான். மற்றொருவன் கணக்கியல் பக்கம் போய்விட்டான், ஆனாலும் சனிக்கிழமை வருகிறான். கார் கழுவப் போன பையன் ஒருநாள் மோட்டார் சைக்கிளில் வந்து வாசலிலேயே நின்று பார்த்துவிட்டுப் போனான். அடுத்த வாரம் உள்ளே வந்தான். இப்போது முனகும் மோட்டாரைப் பிரித்துத் துடைப்பது அவன் பொறுப்பு. எனக்கு அந்த வேலை போயிற்று.

ஆர்வம் இருந்தவர்கள்தான் திரும்பி வந்திருப்பார்கள், வந்ததால் ஆர்வம் பிறக்கவில்லை என்று வாதிடலாம். நியாயமான கேள்விதான். கார் கழுவிய பையனை நினைக்கும்போது மட்டும் அந்த வாதம் எனக்கு முழுதாக ஒட்டவில்லை.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. தொடக்கத்தில் ஆண்கள் கட்டுவார்கள், பெண்கள் விளக்க அட்டை எழுதி வண்ணம் தீட்டுவார்கள். யாரும் அப்படிச் செய்யச் சொன்னதில்லை, தானாக நடந்தது. மாதாமாதம் வேலையை மாற்றிவிடுவது என்று ஆசிரியை முடிவு செய்தபின்தான் கலைந்தது. ஆண்களின் கையெழுத்தைப் படிக்க முடியாமல் ஒரு விளக்க அட்டை வீணானது, பரவாயில்லை.

இப்போதைய நிலை

ஆசிரியைக்கு இடமாற்றம் வந்துவிட்டது. புதிதாக வந்தவர் இளைஞர், ஆர்வம் உண்டு, ஆனால் ஊர் பத்தாங் பாடாங் பக்கம். எத்தனை சனிக்கிழமை இங்கே தங்குவார் என்று தெரியாது. சாவி இப்போதைக்குப் பள்ளிக் காவலாளியிடம் இருக்கிறது.

இவி3 பெட்டிகளுக்கு உதிரிபாகம் கிடைப்பது குறைந்துகொண்டே வருகிறது. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இரண்டு கருத்து. லெகோவின் புதிய பெட்டி ஒன்றை வாங்கினால் போட்டிகளுக்கு வசதி என்றார் ஒரு தந்தை. அதே காசுக்கு நிரல் எழுதி இயக்கும் ஆர்டுயினோ மின்னணுப் பலகைகள் பத்துப் பதினைந்து வாங்கலாம், கம்பி அறுந்தால் நாமே பற்றவைக்கலாம், ஆளுக்கொன்று வீட்டுக்கும் கொடுத்தனுப்பலாம் என்றாள் பாட்டியின் பேத்தி. கூட்டத்தில் பேச அவளுக்கு உரிமை உண்டா என்று ஒருவர் கேட்டார். தலைமையாசிரியர், “பயிற்றுநர் அவங்கதான், அவங்க பேசாம யார் பேசறது?” என்றார். நான்காம் ஆண்டுக்கு ஏற்ற நிரல் எது, பற்றவைக்கும் கோலைச் சின்னப் பிள்ளை கையில் கொடுக்கலாமா, சுட்டுக்கொண்டால் யார் பொறுப்பு என்று பேச்சு நீண்டது. முதல் கட்டமாக ஐந்து பலகை வாங்குவதென்று தீர்மானம். பற்றவைக்கும் மேசைக்குப் பக்கத்தில் கார் கழுவிய பையன் நிற்க வேண்டும் என்பது நிபந்தனை. அவன் கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டுமா என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.